துறைமுக ராணிக்கு என்ன கோளாறு

ஹலோ... ஆமா, ஆமா, வெர்னன்தான். ஷெபாய்கன் ஊர்தான்... எது, பந்து தட்டி ஆடற பின்பால் மெஷினா? பேப்பர்ல பாத்தீங்களா... இருக்கு, இன்னும் போகல. "துறைமுக ராணி"ன்னு பேரு. எழுபத்திரண்டாம் வருசத்து மெஷின்... உங்க பேரு?... டெல்பர்ட். ஓஷ்கோஷ் ஊரா. சரி டெல்பர்ட், கேளுங்க.

...ஆமா, "சின்னச் சின்னக் கோளாறு, நல்லா ஓடுது"ன்னுதான் போட்டிருக்கு. அத எழுதினது நான் இல்லைங்க, என் வீட்டுக்காரி... மெதுவாப் பேசறேன், கேக்குதா? அவ மேல சமையலறையில இருக்கா, நான் கீழ பேஸ்மெண்ட்ல இருக்கேன். உங்க நல்லதுக்குச் சொல்றேன், அந்த விளம்பரத்த நம்பி பெட்ரோல் செலவு பண்ணாதீங்க. இடது ஃப்ளிப்பர் செத்துப்போச்சு. பந்தத் தட்டுன்னா, தூக்கத்துல கொசு விரட்டுற மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான்... ஆமா... மணியா? அடிக்காது. தப்பித்தவறி அடிச்சா நிக்காது... ஸ்கோர் சக்கரம் ஏழுக்கு மேல ஏறாது. ஏழு அடிச்சாலும் ஏழு, எழுநூறு அடிச்சாலும் ஏழு. ஆமா... ஆமா, ரொம்ப மோசம்...

லோயிஸ், நீயா? பாத்து இறங்கு... ஆமா சார், தங்கமான மெஷின். கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது. ஃப்ளிப்பரத் தொட்டா பந்து பறக்கும்... இல்ல, இல்ல, முன்னாடி சொன்னது வேற ஃப்ளிப்பர்... வாங்க வர்றவர்தான் லோயிஸ், பேச்சு நல்லாப் போகுது. நீ மேல போய் அந்த சாசேஜப் பாரு, தீயற வாசனை வருது... போ, நான் பாத்துக்கறேன்.

...போயிட்டா. இருக்கீங்களா?... ஏன் விக்கறேன்னா, நாளன்னைக்கு சனிக்கிழமை அவளோட மெத்தைப் போர்வை தைக்கிற மிஷின் வருது. பன்னண்டு அடி நீளம். ராணி நிக்கிற இடத்துலதான் அது வந்து நிக்கணுமாம். நாலு வருசமாக் கேக்கறா. பாவம், அவ கேக்கறது நியாயம்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க தலையில இந்தக் குப்பையக் கட்ட எனக்கு மனசு வரல, அதுக்குத்தான்...

என்னது?... வேணுமா?... டெல்பர்ட், நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?... "இவ்வளவு நேர்மையான ஆள நான் பாத்ததே இல்ல"யா. அடக் கடவுளே... ஆமா, தெரியும், தெரியும். "சின்னக் கோளாறு"ன்னு சொல்றவன்கிட்ட வாங்கினா வீட்டுக்குப் போய் மூடியத் தொறந்ததும் உள்ள எலி குடித்தனம் நடத்தும். நானே அப்படி மூணு மெஷின் வித்திருக்கேன். அதனால பெரிய கோளாறுன்னு ஒருத்தன் சொன்னா மெஷின் நல்ல மெஷின்னு அர்த்தமா? இது என்ன நியாயம்... இல்லைங்க, எனக்கு முன்னாடி கேட்ட மூணு பேரும் ஃப்ளிப்பர்னு சொன்ன உடனே போன வச்சுட்டாங்க. நீங்க என்னடான்னா...

எங்க இருக்கீங்க?... எங்க தெருவிலயா? போன் பண்ணிட்டுக் கிளம்பற வழக்கமே கிடையாதா உங்க ஊர்ல?... ஆமா, பச்சைக் கதவு வீடு. ஆனா இப்ப வராதீங்க, தயவுசெஞ்சு...

ஏன் திடீர்னு கத்தறீங்க? "அருமையான மெஷின், ஒரு குறையும் இல்ல"ன்னு எதச் சொல்றீங்க? என்னோடதத்தான் இப்ப அக்குவேறா ஆணிவேறாத் திட்டி முடிச்சேனே... உங்களோடதா? உங்களோடது எது?... வண்டியில இருக்கா? மாத்திக்கிறதுக்கா?... யாரு பக்கத்துல?... ஓ. உங்க வீட்டம்மா. டோரீன்... ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும், அதானே சட்டம்? இந்தச் சட்டத்த யாருங்க ஊர் ஊருக்கு அச்சடிச்சுக் குடுத்தது?... ஆனா எனக்கு மாத்து ஒத்து வராது. இங்க இடம் காலியாகணும். ஒண்ணு போய் ஒண்ணு வந்து நின்னா சனிக்கிழமை என் தலை உருளும்.

...வண்டிச் சத்தம் கேக்குது. இந்த பேஸ்மெண்ட் ஜன்னல்ல உங்க சக்கரம் மட்டும்தான் தெரியுது... இறங்கிட்டாங்களா டோரீன்? சரி, இப்ப மெதுவாச் சொல்லுங்க, உங்க மெஷினுக்கு என்ன?... "காட்டெருமை"யா. அது கிடைக்கறதே அபூர்வமாச்சே... வலது ஃப்ளிப்பர் செத்துப்போச்சா. ஓகோ... பந்து பாதியில நின்னுடுமா. அப்புறம்?... புகை வருதா. புகை...

யோவ் டெல்பர்ட். எனக்குக் குடுக்க உனக்கு மனசில்ல, அதானே... மறைக்காதய்யா. இதே பொய்ய உன்னோட சேத்து நாலு பேருக்குச் சொன்னவன் நான்... ஆமா... ஆமாய்யா, எல்லாம் பொய். ஃப்ளிப்பர் ரெண்டும் குதிரை. மணி கண்டாமணி. முன்கால் ஒண்ணு ஆடும், அதுக்கு அடியில பீர் கிளாஸ் வைக்கிற அட்டைய மடிச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான் அதோட கோளாறு. காலையில ஒரு ஆட்டம் ஆடி அந்த மணி கேக்கலேன்னா எனக்குக் காபி இறங்காது. வேலை போன வருசம் அதுதான்யா என்னப் பைத்தியம் பிடிக்காம காப்பாத்துச்சு. அதத் தூக்கி ஒருத்தன் வண்டியில ஏத்தறத நான் நின்னு பாக்கணுமா... அழுவறியா? சீ, மூக்கத் துடை. உன் வீட்டம்மா பாத்துடப் போறாங்க.

சரி, கேளு. வழி சொல்றேன். என் மெஷின் உள்ள கரையான்னு நீ சொல்லு. உன் மெஷின்ல புகைன்னு நான் சொல்றேன். பேரம் படியலன்னு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவோம். நீ வண்டியத் திருப்பு... ஆமா. சனிக்கிழமைய சனிக்கிழமை பாத்துக்கலாம்...

இரு, இரு. ஜன்னல்ல செருப்பு தெரியுது. லோயிஸோட நீலச் செருப்பு. எதிர்ல ஒரு சிவப்பு பூட்ஸு... உன் வீட்டம்மாவோடதா? முட்டிக்கிட்டு நிக்குது ரெண்டும். நகரவே மாட்டேங்குது டெல்பர்ட். இது நல்லதுக்கில்ல... சிரிக்கறாங்களா? உனக்கு அங்கிருந்து கேக்குதா? என்ன பேசறாங்க?... கை குடுத்துக்கறாங்களா. எதுக்கு?

...என்ன லோயிஸ்? ஜன்னலத் தட்டாத, தொறக்கறேன்... சொல்லு... யாரு, நம்ம ஊர் பவுலிங் விளையாட்டுக் கூடத்துக்காரரா? அவரு சரின்னுட்டாரா? ரெண்டையுமா? ரெண்டையும் அங்க கொண்டுபோய் வைக்கறதா?... முடியாதும்மா, அதுல ஏகப்பட்ட கோளாறு, ஃப்ளிப்பர் செத்து...

...எது வழியாக் கேட்டுச்சு?... சூடு காத்துக் குழாய் வழியா. இங்க பேசினா சமையலறையில கேக்குமா... எப்பலேருந்து கேக்குது?... நாலு பேர் பேச்சும் கேட்டியா. காபி விசயமும் கேட்டியா... சரி. சரி லோயிஸ். ஆமா, தப்புதான்.

...டெல்பர்ட், இருக்கியா? உன் வீட்டம்மாவும் அதேதான் சொல்றாங்களா... ஆமாய்யா, முடிச்சுட்டாங்க. இன்னைக்கே ஏத்தணுமாம். நீ இறங்கி வா, ராணியத் தூக்க ரெண்டு ஆள் வேணும்... பீர் அட்டைய நான் பையில போட்டுக்கறேன், அங்க போய் வைக்கணும்... கேட்டேன், கேட்டேன். காசு போட்டுத்தான் ஆடணுமாம். சொந்த மெஷினுக்கு நான் காசு போடணும் பாத்தியா, இதுக்குத்தான் நாப்பது வருசம் மெஷின் மெஷினாச் சேத்து வச்சேன்...

செவ்வாய்க்கிழமை வர்றியா?... நீ ராணிய ஆடு, நான் எருமைய ஆடறேன்... இல்ல, பயப்படாம தட்டு. ஒரு கோளாறும் கிடையாது அதுல... கூடத்துக்காரர்கிட்டயா? அவர்கிட்ட என்ன சொல்லலாம்...

சின்னச் சின்னக் கோளாறு இருக்குன்னு சொல்லுவோம். ரிப்பேர் பாக்க வாரம் ரெண்டு தடவையாவது வந்தாகணும்னு... உஷ், மெதுவா. குழாய்...

லோயிஸ், இப்ப சமையலறையில இருக்கறது நீயா?... ஹலோ... டெல்பர்ட், வச்சுடு. வச்சுடுய்யா.