விளக்கு மின்னாது

நாற்காலி போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஐயா. நூறு பேர் வருவார்கள் என்று தோன்றினால் எழுபதுதான் போட வேண்டும். முப்பது பேர் சுவரோரம் நின்றால் அரங்கம் நிரம்பி வழிவதுபோல் இருக்கும். புகைப்படமும் நன்றாக வரும். நூற்றைம்பது போட்டுவிட்டால் வந்த நூறு பேர் யார் கண்ணிலும் படமாட்டார்கள், காலியாகக் கிடக்கும் ஐம்பதுதான் படும். இந்தப் பல்கலைக்கழகத்தில் இருபத்தொரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நல்லதாகப் போயிற்று. பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. சுற்றறிக்கை எழுதியே பழகிய கை இது.

என் வேலை நாள் அனுசரிப்பு. வருஷத்துக்கு முப்பத்தாறு நாள்கள். இரத்ததான நாள், கைகழுவும் நாள், தண்ணீர் சேமிப்பு நாள், தாய்மொழி நாள், எல்லாவற்றுக்கும் மேலே மகாராணி மாதிரி மரபு வாரம். மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஓர் அறை. அதில் பதாகைகளைச் சுருட்டி நிறுத்தி வைத்திருப்பேன். பதாகையில் வருஷத்தின் மேல் மட்டும் புது எண்ணை ஒட்டினால் போதும், அக்கறை புதுப்பிக்கப்பட்டுவிடும். மாணவர்கள் என்னைக் காலண்டர் அக்கா என்பார்கள். எந்தத் தேதி எந்தக் கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாள் விஷயத்தில் நான் தவறியதே இல்லை.

இனி என் தம்பியைப் பற்றி. அவன் என்னைவிடப் பதினேழு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. ஏழாவது வயதில் முதல் வலிப்பு வந்தது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அன்றிலிருந்து அவனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் நான்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களும், தம்பியும் கூடவே வருவான் என்று சொன்னதும் காணாமல் போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில், கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலையை அவனுக்கு நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தேன். ஏழு அறை உள்ள ஒரு மாத்திரைப் பெட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வாரத்துக்கான மாத்திரைகளை நான்தான் நிரப்புவேன். இருபத்திரண்டு வருஷம், ஒரு வாரம்கூட விட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், தலையால் தண்ணீர் குடித்து, வலிப்பு விழிப்புணர்வு நாளை நாள்காட்டியில் சேர்த்தேன். முதல் வருஷம் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் பதினொரு பேர் தேநீருக்கு வந்தவர்கள். தேநீர் முடிந்ததும் அவர்களும் முடிந்தார்கள். போன வருஷம் ஒன்பது பேர், ஒலிபெருக்கிக்காரரையும் சேர்த்து. மருத்துவர் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதே அரங்கத்தில் மரபு வாரத்துக்கு நிற்க இடம் இருக்காது. ஒவ்வொரு கூட்டமும் தன் தன் முன்னோர்களின் உடையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வந்து ஆடும். முன்னோரைத் தெரிந்துகொள்ள இவ்வளவு ஆசைப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒருவன் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிஷம் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாளா, இரண்டு நாளா, ஆறு வருஷ எரிச்சல்.

மூன்று வருஷம் தொடர்ந்து ஐம்பது கையெழுத்துக்குக் கீழே போனால் அந்த நாளை எடுத்துவிடுவார்கள். அதுதான் விதி. அந்த விதி வந்து இது மூன்றாவது வருஷம். போதாக்குறைக்கு என் நாளும் மரபு வாரத்தின் கடைசி நாளும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தன. அரங்கம் யாருக்குப் போயிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. புதன்கிழமை பதிவாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, யார் மனதையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்.

"அம்மா, மரபு நிகழ்ச்சிக்கு முன்னாடி உங்களுக்கு அஞ்சு நிமிஷம் தர்றேன்" என்றார். "நோயைப் பத்திப் பேசினா ஜனங்களுக்குக் கொட்டாவிதான் வருது. கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது இருந்தா உக்காந்து பாப்பாங்க."

அந்த எண்ணத்தை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். இதை அடிக்கோடிட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் தம்பியை மேடையில் வந்து இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மாட்டேன் என்பான். இந்த வருஷம் கேட்கவில்லை. அவனுக்கு வேறு வேலை வந்துவிட்டது. மரபு வாரக் குழுவினர் காகித முகமூடி செய்து தரச் சொல்லி நூலகத்துக்கு வந்திருக்கிறார்கள். அட்டையும் பசையும் கைவந்தவன் ஆயிற்றே. அந்தக் கூட்டத்தில் மேளம் வாசிக்கிற ஒரு பெண் இருந்தாள். மாலையில் ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவன் ஏழரைக்கு வந்தான். சாப்பிடும்போது மேளக்காரப் பெண் இப்படிச் சொன்னாள், அப்படிச் சிரித்தாள் என்றான். தன் நோயைப் பற்றி அவளிடம் அவனே சொல்லிவிட்டானாம். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வருஷாவருஷம் நான் அச்சடித்துக் கொடுக்கும் துண்டறிக்கையை அவள் வாங்கி முழுக்கப் படித்தாளாம். ஆறு வருஷத்தில் அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு நாள், "அக்கா, மாத்திரையை இனிமே நானே போட்டுக்கறேன். எனக்கும் முப்பது ஆகப்போகுது" என்றான். சரி, இந்த ஒரு வாரம் மட்டும் நான் போட்டுவிடுகிறேன் என்றேன். அதில் நான் மனம் நோகவில்லை. என்றைக்கோ நடக்க வேண்டியதுதானே.

நிகழ்ச்சிக்கு முந்திய நாள், வியாழக்கிழமை, விளக்குக்காரர் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். அரங்கத்தில் எது நடந்தாலும் என் கையெழுத்து வேண்டும். அந்தப் படிவத்தில் பதினான்காவது கேள்வி, வேகமாக மின்னி அணையும் விளக்கு உண்டா என்பது. உண்டு என்றால் வாசலில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அந்தக் கேள்வியையும் பலகையையும் கொண்டுவந்தவள் நான். தம்பிக்கு இங்கே வேலை கிடைத்த வருஷம் அதற்காக ஏழு கடிதம் எழுதினேன். அப்படிப்பட்ட வெளிச்சம் அவனுக்கு ஆகாது. விளக்குக்காரர், கடைசி ஆட்டத்துக்கு மூன்று நிமிஷம் மின்னும் என்று ஒளிக்காமல் சொன்னார். நான் இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பலகையை நானே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றேன். பலகை இப்போதும் என் அறையில் பதாகைகளுக்குப் பின்னால் இருக்கிறது.

பிறகு மாத்திரை. அவனுடைய மாத்திரை வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு போட்டிருக்கும். நான் சாப்பிடும் சத்து மாத்திரையும் வெள்ளை, கோடு இருக்காது. வியாழன், வெள்ளி அறைகளில் மட்டும் மாற்றி வைத்தேன். அவன் பார்த்து விழுங்குகிறவன் இல்லை. நான் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன வலிப்பு. இரண்டு நிமிஷம். அவனுக்குப் பதினைந்து தடவைக்கு மேல் வந்திருக்கிறது, எல்லாம் அதற்குள் நின்றிருக்கிறது. முழு அரங்கமும் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும், அடுத்த வருஷம் நான் போட்ட நாற்காலியில் வந்து உட்காரட்டும். கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிகழ்ச்சி. தம்பி முகமூடிக்காரர்களோடு பக்கச் சுவரோரம் நிற்பதாக இருந்தான். நான் முன்வரிசையில் நடுவே ஒரு நாற்காலி போட்டு, நீ செய்த முகமூடியை நீயே நேராகப் பார்க்க வேண்டாமா என்று உட்கார வைத்தேன். புதுச் சட்டை போட்டிருந்தான். உட்காரும்போது, எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"விளக்கு மின்னுமாக்கா?"

"மின்னாதுடா. நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

என் ஐந்து நிமிஷத்தில் நான் பேசினேன். யாரும் கேட்கவில்லை. பின்னால் செல்போனில் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். வாசலில் கையெழுத்து வாங்கினேன்.

கடைசி ஆட்டத்தில் அவன் விழுந்தான். நாற்காலியும் கூடவே சாய்ந்தது. முதலில் அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். மேளம் நின்றது. அந்தப் பெண் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தாள். விளக்கை நிறுத்தச் சொன்னாள், அவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள், தன் மேலங்கியைத் தலைக்குக் கீழே கொடுத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். என் துண்டறிக்கையில் உள்ள வரிசை மாறாமல் செய்தாள். நான் என் இடத்தில் நின்றேன். நானூறு பேரும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். அந்த அரங்கத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

இரண்டு நிமிஷத்தில் நிற்கவில்லை. ஐந்திலும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது, மரபு வாரத்துக்கு வந்த கார்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நாலு ஐம்பதுக்கு, மருத்துவமனை வாசலில், முடிந்துவிட்டது என்றார்கள். அழுதேன். நடிப்பில்லை, ஐயா. என் கையால் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை.

அடுத்த வாரமே பதிவாளர் ஆணை போட்டார். வலிப்பு விழிப்புணர்வு நாள் இனி நிரந்தரம், என் தம்பியின் பெயரில். இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. துண்டறிக்கை மூவாயிரம் அச்சடித்தோம். ஒன்றுகூடக் கீழே கிடக்கவில்லை. அவன் வீணாகப் போகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் மேசைமேல் ஒரு படத்தை வைத்தீர்கள். தம்பி தன் செல்போனில் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பியது. மாத்திரைப் பெட்டி, ஏழு அறையும் திறந்திருக்கிறது. கீழே, 'அக்கா போட்டுக் குடுக்கற கடைசி வாரம்' என்று எழுதியிருக்கிறான். அவனைப் பறிகொடுத்த பிறகு அவள் அதைத் தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்க்கப் பார்க்க, அவன் முன்பு அவளுக்குக் காட்டியிருந்த கோடு போட்ட மாத்திரை ஏழு அறைகளில் ஒன்றில்கூட இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கவனிக்கிறவள்.

படம் அனுப்பிய நேரம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை. பதிவாளர் புதன்கிழமை சொல்லித்தான் எண்ணம் வந்தது என்கிறீர்களே அம்மா, என்று நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். செல்போனில் தேதி தப்பாக இருக்கும் என்றேன். நீங்கள் இந்தத் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

காலையிலிருந்து நாள்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வியாழன், விளக்குப் படிவம். புதன், பதிவாளர். ஞாயிறு, நான் பெட்டியை நிரப்பியது. அதற்கு முந்திய நாள் சனி, இனி அக்கா வேண்டாம் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னது. செல்போனில் தேதி சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எந்த அனுசரிப்பு நாளும் நினைவில் இல்லை, ஐயா. அவன் ஒரு தடவை விழ வேண்டும், விழித்ததும் என்னைத் தேட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.