நாற்காலியை நகர்த்திய நடுநிலையாளருக்கு

மருத்துவர்களின் பணித்திறனை மதிப்பிடும் பிரிவுக்குத் தலைமை ஏற்று, அளக்கப்படுவோரை மட்டுமின்றி அளப்போரையும் அளவுகோலையும் ஐயுற்று ஆராய்ந்த அம்மையீர், கேட்டுக் கேட்டே எங்கள் கண்களைத் திறந்த கேள்விச் செல்வரே, இன்று பணி நிறைவு காணும் எங்கள் அன்புத் தலைவியே, வணக்கம்.

தங்களுக்கு இப்பிரிவில் இன்னொரு பெயரும் உண்டு: 'எதுக்கு மேடம்'. இத்தனை காலம் தங்கள் காதுக்கு எட்டாமல் காத்து வந்ததை இன்று போட்டு உடைத்துவிட்டோம். ஒருவருக்கு மதிப்பெண் குறைந்தால் "எதுக்குக் குறைச்சீங்க?" என்பீர்கள். கூடினாலும் விடமாட்டீர்கள். ஒரு மருத்துவரைக் காலையில் முதல் நோயாளியோடும், மற்றொருவரைப் பசி வேளையில் கடைசி நோயாளியோடும் கவனித்துவிட்டு, இருவரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று தாங்கள் கேட்ட அன்று எங்களுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அந்த இளம் மருத்துவரின் விவகாரத்தை மறக்க முடியுமா? தகுதிகாண் பருவத்தில் இருந்தவர். நோயாளிகளின் கவனத்தைப் பெறத் தெரியாதவர் என்று இருமுறை எழுதிவிட்டோம். இன்னொரு முறை எழுதினால் அவர் வேலை போய்விடும் என்ற நிலையில் தாங்கள் எங்களை அழைத்தீர்கள்.

"சரியாத்தான் போட்டிருக்கோம் மேடம். நோயாளிங்க அவங்க முகத்தையே பாக்கல" என்றார் எங்களுள் மூத்தவர்.

"அப்ப யார் முகத்தைப் பாத்தாங்க?"

அந்த மூத்தவரே மெல்ல, "என் முகத்தைத்தான்" என்றார்.

தாங்கள் நேரே அந்த மருத்துவரின் அறைக்குப் போய், நோயாளி அமரும் முக்காலியில் அமர்ந்தீர்கள். மருத்துவருக்குப் பக்கத்தில் நாங்கள் அமர்ந்து குறிப்பெடுக்கும் நாற்காலியில் மூத்தவரை வழக்கம்போல் உட்காரச் சொன்னீர்கள். நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, மடியில் தாள்கள்.

"இங்கேருந்து பாத்தா நீங்கதான் சார் பெரிய டாக்டர். நானே வயித்துவலியை உங்ககிட்டதான் சொல்லுவேன்" என்று சிரித்தீர்கள். அவரை எழுப்பி, அந்த நாற்காலியைத் தூக்கி நோயாளியின் முதுகுக்குப் பின்னால் வரும்படி போட்டீர்கள்.

மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லவில்லை, மறுபடி பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம். நோயாளிகள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள். அவர் வேலை நிலைத்தது. ஆயினும், 'பேச்சில் வேகம் அதிகம், நோயாளிக்குப் புரிவதில்லை' என்ற குறையை மட்டும் அழிக்கத் தாங்கள் சம்மதிக்கவில்லை. அது நாற்காலியின் பிழையன்று, அவருடைய பிழையே என்றீர்கள். அவருக்குத் தங்கள்மேல் கொஞ்ச நாள் கோபம்கூட இருந்தது. இரக்கத்தையும் நேர்மையையும் இப்படி ஒருசேரக் கையாள்பவரை இனி எங்கே தேடுவோம்!

வீட்டாரையும் "எதுக்கு?" என்று கேட்டுத் திணறடித்து, நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். தப்பித்தவறி மருத்துவரிடம் போக நேர்ந்தால், அங்கே நாற்காலிகள் எப்படிக் கிடக்கின்றன என்று பார்த்து வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்.

இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த மருத்துவரேதான். இவர் எதுக்கு இவ்வளவு நிதானமாக வாசிக்கிறார் என்று தாங்கள் கேட்கக்கூடும். வாசித்து முடித்தால் தாங்கள் கிளம்பிவிடுவீர்கள்.

இங்ஙனம்,
நோயாளிக்குப் பின்னால் அமரக் கற்றுக்கொண்ட
மதிப்பீட்டுப் பிரிவினர்