ஏழு பேர் வீட்டுத் தண்ணி மீட்டர்

...இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிறுத்திட்டு, உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லணும்னு தோணுது. பின்னாடி நிக்கிறவங்களும் கேட்டுக்குங்க.

திருச்சியில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. இருபத்துநாலு வீடு. எல்லாருக்கும் ஒரே போர்வெல், மொட்டைமாடியில ஒரே டேங்க். கோடை வந்துச்சு... காலையில ரொம்புற டேங்க், பதினோரு மணிக்கெல்லாம் காலி! யாரு இவ்வளவு தண்ணியைச் செலவு பண்றது?

யாரு மேல சந்தேகம் வரும், சொல்லுங்க பார்ப்போம்? மூணாவது மாடியில வள்ளிமயில்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர், மாமனார், மாமியார், மூணு பிள்ளைங்க. மொத்தம் ஏழு பேர். மத்த வீட்டுல எல்லாம் ரெண்டு பேர், மூணு பேர். அப்புறம் என்ன, முடிவு பண்ணிட்டாங்க!

சங்கத்துச் செயலாளர் தாமோதரன். நல்ல மனுஷன்தாங்க, பொது வேலைன்னா ஓடி வர்றவர். அவர் ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார்: "ஏம்மா, குழாயில தண்ணி பிடிக்கிறீங்களா, இல்ல காவேரியையே வீட்டுக்குள்ள திருப்பி விட்டிருக்கீங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அம்மா, "பார்த்துத்தான் சார் புழங்குறோம்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க.

ரெண்டு மாசம் ஆச்சு. தண்ணி அப்படியேதான் தீருது. "ஆதாரத்தோட காட்டுறேன்"னு தாமோதரன் கிளம்பிட்டார். கட்டடம் கட்டும்போதே வீட்டுக்கு ஒரு தண்ணி மீட்டர் வெச்சிருக்காங்க. ஆனா குழாய் போற சந்துக்குள்ள இருக்கு, யாரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆரோக்கியமேரின்னு ஒரு டெக்னீஷியனைக் கூட்டிட்டு வந்தார்.

அவங்க சொன்னாங்க: "சார், மீட்டரை மாத்த வேண்டாம், பைப்பை அறுக்க வேண்டாம். இந்தப் பல்ஸ் சென்சாரை மீட்டர் மூஞ்சி மேல மாட்டினாப் போதும். பத்து லிட்டர் தண்ணி போனா ஒரு துடிப்பு. எண்ணிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிடும்."

"முதல்ல எங்க வீட்டுல மாட்டும்மா!" தாமோதரன் குரல்ல அவ்வளவு பெருமை.

எல்லா வீட்டுலயும் மாட்டி ஒரு வாரம் போச்சு. மறுபடி கூட்டம். வள்ளிமயில் வீட்டுல இருந்து யாரும் வரலை. "மூணாவது மாடியைப் போடும்மா!"ங்கிறார். ஆரோக்கியமேரி கம்ப்யூட்டரைப் பார்க்குறாங்க... திரும்பவும் பார்க்குறாங்க.

"என்னம்மா?"

"சார்... ஒரு நாளைக்குப் பன்னெண்டு துடிப்பு."

பன்னெண்டு! நூத்தியிருபது லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, எல்லாத்துக்கும் சேர்த்து, ஏழு பேருக்கு! தலைக்கு ஒரு பக்கெட்டு!

"உன் சென்சார் கோளாறும்மா." அவங்களுக்கும் அந்தச் சந்தேகம்தான். ரெண்டு பேரும் மாடியேறிப் போனாங்க. இருபது லிட்டர் பக்கெட்டை வெச்சுக் குழாயைத் திறந்தாங்க. ரொம்புச்சு. ரெண்டு துடிப்பு. கணக்கா ரெண்டு.

"அக்கா, இந்தத் தண்ணியில எப்படிக்கா இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க ஆரோக்கியமேரி.

வள்ளிமயில் குழாயை இறுக்கி மூடினாங்க. அப்புறம் மெதுவா சொல்றாங்க: "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்ல... அதுல இருந்து குழாயைத் திறந்தாலே பயமா இருக்கு. துணியை மூட்டை கட்டி, பஸ்ல எங்க அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கிறேன். பிள்ளைங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல். மாமாதான்... தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாரு. பாத்ரூம் போனா தண்ணி ஊத்தணுமேன்னு. நீர்க்கடுப்பு வந்து, போன வாரம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக் கூட்டிட்டு வந்தோம்."

கேட்டீங்களா?... தண்ணி குடிக்கப் பயந்து ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். நாம சிரிச்ச ஒரு சிரிப்புக்கு!

தாமோதரனுக்கு முகம் வெளுத்துப்போச்சு. "அப்ப... தண்ணி எங்கம்மா போகுது?"

ஆரோக்கியமேரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "உங்க வீடு சார். முந்நூறு துடிப்புக்கு மேல. புதன்கிழமை நீங்க வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனீங்களே, அன்னைக்குக்கூட நிக்கலை."

ஓடினார். வெளியூர்ல இருக்குற மகனோட ரூம், மாசக்கணக்கா சாத்திக் கிடக்கு. உள்ளே பாத்ரூமைத் திறந்தா... ஃபிளஷ் டேங்க்ல இருந்து தண்ணி விடாம இறங்கிக்கிட்டே இருக்கு. மூவாயிரம் லிட்டர்! தினம்! அந்த மனுஷன் பாத்ரூம் வாசல்லயே உட்கார்ந்துட்டார்.

அப்புறம் என்ன செஞ்சார் தெரியுமா? கீழ வந்து, "எல்லாரும் மூணாவது மாடிக்கு வாங்க"ன்னார். படி முழுக்க ஆளுங்க. அந்தப் பெரியவர் முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, எல்லார் முன்னாடியும் உங்க வீட்டைப் பேசினேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என் வீட்டுல. மன்னிச்சுடுங்க. தண்ணி குடிங்கய்யா."

தாமோதரன் நீட்டின செம்புத் தண்ணியைப் பெரியவர் வாங்கினார். "குடிக்கிறேன் தம்பி. ஆனா... கை தயங்குதே."

என் அன்பானவங்களே! ஃபிளஷ் டேங்கைப் பிளம்பர் அரைமணி நேரத்துல சரிபண்ணிட்டார். அந்தப் பெரியவர் கைக்குள்ள போன பயத்தை எந்தப் பிளம்பர் வந்து எடுப்பார்?

தாமோதரன் கெட்டவர் இல்லைங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு! பொய் சொல்லணும்னு அவர் சொல்லலை. நிச்சயமாத் தெரியும்னு நினைச்சுச் சொன்னார். நாமளும் அப்படித்தானே சொல்றோம்? மருமகளைப் பத்தி, பக்கத்து வீட்டைப் பத்தி, கூட வேலை பார்க்குறவங்களைப் பத்தி... சொல்லிட்டு நாம மறந்துடுறோம். கேட்டவங்க அதை வெச்சுக்கிட்டு எப்படி வாழுறாங்கன்னு என்னைக்காவது போய்ப் பார்த்திருக்கோமா?

அப்படி ஒரு முகம் இப்ப உங்க ஞாபகத்துக்கு வருதா? வந்தா, போன்ல செய்தி அனுப்பாதீங்க. நேர்ல போங்க. யார் முன்னாடி பேசினீங்களோ, அவங்க முன்னாடியே மன்னிப்புக் கேளுங்க. இன்னைக்கே போங்க... அந்த வீட்டுல யாரோ தாகத்தோட உட்கார்ந்திருக்கலாம்.