மான்விழி இளவரசியின் மண்

மாத்தளைச் சந்தையில் நல்ல மீன் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். பிந்தினால் கண் வெளுத்த சாளைதான் மிஞ்சும். மீனோடு திரும்பும் வழியில் புஹாரியின் ஃபேன்சிக் கடை. 2008இல் அந்தக் கடை வாசலில்தான் அவற்றை முதலில் கண்டேன். அத்தர் விற்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வெறுமையாக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து, சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன புஹாரி இது?"

"மான்விழிக் குப்பி சேர். ஸ்கூல் புள்ளைகள் அள்ளிக்கிட்டுப் போறாங்க. ஒங்க புள்ளைகள்தான் கூட."

நீங்கள் அந்தத் தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொழும்பில் யாரோ எடுத்தது. ஞாயிறு மாலையில் போகும். கண்டியின் கடைசி அரசர்களில் ஒருவருக்கு மான்விழி என்று ஒரு மகளாம். வெள்ளைக்காரன் அரண்மனையைப் பிடித்ததும் அவள் மாத்தளைக் காட்டுக்குள் ஒளிந்து, தன் வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் படை கட்டினாளாம். அரண்மனை மண்ணை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு சபதமும் செய்தாள். கண்ணுக்கு மை தீட்டி, தலைமுடியை நேராக்கியிருந்தாள். மூன்றாவது வாரம் தோழியோடு உட்கார்ந்து தேநீர் குடித்தாள். இந்த மலைகளில் தேயிலை வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிறும் பார்த்தேன். பிழைகளைக் கணக்கெடுக்க ஒருவராவது வேண்டும் அல்லவா.

என் பெயர் சபாரத்தினம். பிறந்தது வடக்கே சாவகச்சேரி. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே வரலாறு படிப்பித்தேன். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று கரும்பலகைக்கு மேலே எழுதி வைத்திருந்தேன். அந்தத் தவணைப் பரீட்சையில் என் வகுப்பில் பாதிக்கு மேல், கண்டி அரசரின் வாரிசு மான்விழி இளவரசி என்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் எழுதியது மந்தைக் குணம், அதை மன்னிக்கலாம். சுகந்தி எழுதியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிற கிருஷ்ணம்மாவின் மகள். பதினேழு வயது. வகுப்பில் மூளை இருந்த ஒரே பிள்ளை. நாலு பக்கம், அழகான எழுத்து, அத்தனையும் நாடகம். நான் சைபர் போட்டேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏன் சேர் சைபர்?"

"அப்பிடி ஒரு இளவரசி இருக்கேல்லை பிள்ளை."

"நீங்க அங்க இருந்தீங்களா சேர்?"

வகுப்பு சிரித்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் விடவில்லை.

"மான்விழி இல்லாட்டியும் ராஜா இருந்தாருதானே சேர்? அவங்க மதுரைப் பக்கத்து ஆளுங்க. தமிழ் பேசினவங்க. அப்ப எங்க ஆளுங்க கோப்பி புடுங்க மட்டும் இங்க வரல. சிம்மாசனத்துல ஒக்காரவும் வந்திருக்காங்க."

இதற்கு வகுப்பு சிரிக்கவில்லை. கை தட்டியது. உண்மையைச் சொல்கிறேன், அவள் சொன்னதில் பாதி சரி. கண்டியின் கடைசி அரசர்கள் அந்தப் பக்கத்து வம்சம்தான். அதை நானே படிப்பித்திருக்க வேண்டும். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கூலி லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அதைப் போய் ஒரு பொய் நாடகம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கவலை என்று சொல்வதுதான் பொருத்தம்.

அடுத்த வாரம் குப்பி வந்தது. பள்ளி முற்றத்து மண்ணை அதில் நிரப்பி, சட்டைக்கு உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். தொடங்கி வைத்தவள் சுகந்தி. நகைநட்டுப் போடுவது பள்ளிச் சட்டத்துக்கு விரோதம். எல்லாருடையதையும் கழற்றி வாங்கி என் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது.

அந்த வருஷம் கறுப்புக் கயிற்றில் ஒரு கண்ணாடிக் குப்பி கழுத்தில் தொங்கினால் பட்டாளத்துக்காரனுக்கு ஒரே நினைவுதான் வரும். வடக்கில் போருக்குப் போன பிள்ளைகள் நஞ்சைக் கட்டியிருந்தது அப்படித்தான். கொழும்பில் நாடகம் எடுத்தவனுக்கு இது உறைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் உறைக்கவில்லை, அவர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. என் ஊர்க்காரனுக்குப் பார்த்த உடனே விளங்கும். எனக்கு விளங்கியது.

பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடி. என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் என்னை ஒதுக்கி நிறுத்துவார்கள். என்னிடம் படித்த பையன்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். குட்டக் குட்டக் குனிந்தே பழகிவிட்டேன். அந்த வியாழக்கிழமை அங்கிருந்த அதிகாரி ஆசிரியரைக் கூப்பிடுகிற மரியாதையோடு, "குருதுமா, ஸ்கூல் பக்கம் புதிதாக ஏதாவது உண்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். என் மாணவி ஒருத்தி கறுப்புக் கயிற்றில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கட்டிக்கொண்டு திரிந்தாள் என்றேன். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள் என்றேன். பெயர் கேட்டார், சொன்னேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுநாளிலிருந்து அவர் என்னை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் முடிந்ததும் சுகந்தியைக் கூப்பிட்டு, லாச்சியைத் திறந்து அவளுடைய குப்பியைக் கொடுத்தேன். அவளுடையதை மட்டும்.

"இந்தாரும் பிள்ளை. அண்டைக்கு நான் கடுமையாப் பேசிப்போட்டன். போட்டுக்கொண்டு போம்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா சேர்?" என்றவள், அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சட்டைக்கு வெளியே தெரியும்படி. கும்பிட்டுவிட்டு பஸ் நிலையத்துப் பக்கமாக ஓடினாள். எனக்கு அன்று அவள்மேல் அன்பாகவே இருந்தது.

சனிக்கிழமை விடியக் கிருஷ்ணம்மா என் வீட்டு வாசலில் நின்றாள். சாவடியில் மகளைப் பிடித்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். "எங்களுக்குச் சிங்களம் சந்தைக்குப் போற அளவுதான் சேர். நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க." சட்டையை மாற்றிக்கொண்டு அவளோடு போனேன். அவளை வாசலில் மறித்தார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

உள்ளே இருந்த பெரிய அதிகாரி நல்ல மனுஷன். கதிரை போட்டுத் தந்தார். குப்பி அவருடைய மேசையில் திறந்து கிடந்தது. மண் ஒரு கடதாசியில் கொட்டியிருந்தது. அவருக்கே சந்தேகம் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. பிள்ளையை விட்டுவிட ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்வேன்.

"குருதுமா, இது கண்டி அரசரின் மகள் கட்டியிருந்த மாதிரி என்று பிள்ளை சொல்கிறாள். மான்விழி என்று ஏதோ பெயர். நீங்கள் வரலாறு படித்தவர். அப்படி ஒரு இளவரசி இருந்தாளா?"

அடுத்த அறையில் யாரோ விசும்புவது கேட்டது. அவளுடைய குரல்தான். வகுப்பில் அவள் அழுது நான் கேட்டதே இல்லை.

"இல்லை," என்றேன். "அப்படி ஒருத்தி இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை."

"அப்படியென்றால் பொய் சொல்கிறாளா?"

"வரலாறு அப்படிச் சொல்லவில்லை."

மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று அவர் மண்ணைக் கடதாசியோடு மடித்தார். தொலைக்காட்சியில் அப்படி ஒரு நாடகம் போகிறதா என்று அவர் கேட்டிருந்தால், போகிறது என்று உடனே சொல்லியிருப்பேன். அவர் கேட்டது வரலாற்றை. வரலாற்றுக் கேள்விக்கு நான் பிழையான விடை சொன்னதில்லை.

வெளியே வந்து கிருஷ்ணம்மாவிடம், மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்கள், என்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தேன் என்றேன். அவள் தெருவிலேயே விழுந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அன்று பின்னேரம் ஒரு வாகனத்தில் சுகந்தியை ஏற்றினார்கள் என்று முகாமுக்கு எதிரே கடை வைத்திருந்த கலந்தர் சொன்னார். அதற்குப் பிறகு அவளைக் கண்டவர் யாரும் இல்லை. யுத்தம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. நானும் கிருஷ்ணம்மாவும் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லா இடத்திலும் அவளுக்காகச் சிங்களத்தில் பேசுவது நான்தான்.

ஆம், சுகந்தியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன், கிருஷ்ணம்மா இதுவரை கேட்கவில்லை. பௌர்ணமிப் போயா லீவுக்கு டவுனுக்கு வரும்போதெல்லாம், தோட்டத்து மிளகில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறாள். "எங்க புள்ளைக்காக நீங்கதான் சேர் அலையிறீங்க, வேற யாரு இருக்கா" என்று சொல்லி என் கையில் வைக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், வேண்டாம் என்றால் மனம் நோவாள் என்றுதான் வாங்கிக்கொள்கிறேன்.