மூணாவது ரிங்

— ரெண்டு ரிங் வந்துச்சு, நின்னுச்சு. அரிசியக் களைஞ்சு உலையில போட்டேன். அஷ்டே, அவ்ளோதான். இன்னும் எத்தனை தடவைடா சொல்றது?

— அன்னிக்கு நீ மட்டும் போனை எடுத்திருந்தா...

— எடுக்கக் கூடாது, ராஜேஷு. எடுத்தா அந்த ஒரு ரூபா போன் பொட்டி காசை முழுங்கிடும். எடுக்கலேன்னா கீழ விழுந்துடும், உங்கப்பா அதை எடுத்துத் திரும்பப் பாக்கெட்ல போட்டுக்குவாரு. ரெண்டு ரிங்னா பிரஸ்ல வேலை முடிஞ்சுது, பஸ் ஏறப் போறேன்னு அர்த்தம். விவேக் நகர்லேர்ந்து மெஜஸ்டிக் வந்து, அங்க பஸ் மாறி, ஸ்ரீராம்புரம் வந்து சேர்றதுக்குள்ள சோறு வெந்திருக்கும். மூணாவது ரிங் வந்தாத்தான் எடுக்கணும். மூணுன்னா ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். நீ அரை டவுசர் போட்ட காலத்துலேர்ந்து நம்ம வீட்ல இதானே வழக்கம்.

— தெரியும்மா. அதைத்தானே சொல்றேன். அவருக்கு நெஞ்சுவலி வந்ததே அந்த நேரம்தான். வலியோட அடிச்சிருக்காரு. மூணாவது ரிங் வரைக்கும் நிக்க முடியலை. நீ இங்க ரூல்ஸ் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே.

— வலியோட அடிக்கலை. அடிக்கும்போது நல்லா இருந்தாரு. அது பதட்டமில்லாத ரிங்.

— ரிங்ல என்னம்மா பதட்டம்? அது மெஷினு.

— உனக்கு மெஷினு. தினம் சாயங்காலம் கேட்டவ நான்.

— சரி, விடு. கொஞ்சம் தள்ளி நில்லு. உன் நிழல் ஃப்ரேம்ல விழுது.

— வெறும் ஒயரைத்தானே எடுக்குறே? அதுல என் நிழல் விழுந்தா என்ன கொறஞ்சு போச்சு?

— போன ஞாயித்துக்கிழமை இந்த சுவத்துல பொட்டி இருந்துச்சும்மா. இப்ப ஒயரும் நாலு ஓட்டையும்தான் இருக்கு. ஆஸ்டின் டவுன்லயும் இதே கதை. நான் கேமராவத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள போன் கம்பெனிக்காரன் ஸ்குரூ டிரைவரைத் தூக்கிட்டு வந்துடுறான். அங்க இட்லி வண்டி அம்மா என்னைக் கார்ப்பரேஷன் ஆளுன்னு நெனச்சு, வண்டிய எடுக்கச் சொல்லாதீங்க சார்னு கும்பிடுறாங்க. இல்லம்மா, நான் போன் பொட்டியப் போட்டோ எடுக்க வந்தேன்னா, அதுக்கும் நம்பலை. இந்த ஊர்ல ஒரு டப்பாவ எடுக்கறதுக்கு எவ்ளோ பதில் சொல்ல வேண்டியிருக்கு.

— நீயும் வியாழக்கிழமை பாத்து லீவு போட்டிருக்கே. இந்த விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு ஊரே வருது, கால் வைக்க எடமில்லை. வியாழக்கிழமைன்னா பஸ் நகராது, அரிசியக் கொஞ்சம் பொறுத்துப் போடுன்னு உங்கப்பா காலையிலயே சொல்லிட்டுப் போவாரு.

— ஆபீஸ்ல இன்னிக்குத்தான் லீவு குடுத்தான். என்ன பண்ணச் சொல்றே?

— நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கேளு, இதெல்லாம் எதுக்குடா? டப்பா டப்பாவா எடுத்து ஆர்குட்ல போடுறே. ஒண்ணுலயாவது ஒரு மனுஷன் இருக்கானா? உன் பொண்டாட்டி பிரபாவே கேக்குறா, இந்த பெங்களூர்ல யாருமே போன் பேசலையா அத்தைன்னு.

— ஆளுங்க வேணாம்னுதான் வெயில்ல காத்துக் கெடந்து எடுக்குறேன். பொட்டி மட்டும் தெரியணும்.

— ஏன்?

— அதைத் தனியா நிக்க வெச்சுப் பாக்கணும்மா. அப்பாவக் கொன்னது அதுதானே. புது மொபைல் வாங்கிக் குடுத்தேன். பீரோவுல உன் பட்டுப்புடவைக்கு நடுவுல அட்டைப்பெட்டியோட வெச்சுட்டாரு. கேட்டா, ரெண்டு ரிங்குக்கு எதுக்குடா இந்த வெலையில ஒரு சாமான்னாரு. அது கையில இருந்திருந்தா எனக்கு அடிச்சிருப்பாரு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்.

— வந்திருப்பே. ரிச்மண்ட் ரோட்டு ட்ராஃபிக்ல நின்னிருப்பே.

— அம்மா.

— சரி, சொல்லலை. வா, உங்கப்பா கடைசியா ரிங் குடுத்த அந்தக் கடையக் காட்டு. ரெண்டு வருஷமா என் கண்ணுல படாத எடம். அதைப் பாக்கத்தான் உன்னோட வந்தேன், ஒயரைப் பாக்க வரலை.

— அதோ, மெழுகுவத்தி விக்கிற தள்ளுவண்டிக்குப் பின்னாடி. சிவப்புப் பொட்டி. அப்பாடா, இது இருக்கு. ப்ச், ஆளு ஒருத்தன் பேசிக்கிட்டு நிக்குறான்.

— பேசட்டுமே. அப்படியே எடு.

— இரு, முடிக்கட்டும். இப்ப ஆட்டோ வேற குறுக்க வந்து நிக்குது. ஹலோ, ஸ்வல்ப முந்தே ஹோகி, கொஞ்சம் முன்னாடி போங்க. காதுல வாங்குறானா பாரு. கேமராவுல பேட்டரி வேற சிவப்பு காட்டுது.

— யாரு சார் அது, என் கடைப் பொட்டியப் போட்டோ புடிக்கிறது? கம்பெனி ஆளா? திங்கக்கிழமை வந்து கழட்டிக்கினு போறோம்னுதானே சொன்னீங்க. இப்பவே வந்துட்டா எப்பிடி, கோயில் கூட்டம் இருக்கறப்ப.

— நான் கம்பெனி ஆளு இல்லைங்க. சும்மா போட்டோவுக்குத்தான். இதையும் எடுக்கப் போறாங்களா?

— எடுக்குறாங்க சார். எல்லார் கையிலயும் செல்லு வந்துடுச்சி. இதுக்கு வர்றவன்ல பாதிப் பேரு ரெண்டு ரிங் விட்டுட்டு காசைத் திருப்பி எடுத்துக்கினு போறவன். எனக்கு என்ன வரும் சொல்லுங்க?

— தம்பி, எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரே, அந்த ரெமிஜியஸ் நீங்கதானா?

— ஆமாக்கா. நீங்க... ஏசுவே. சந்திரன் அண்ணன் வீட்டம்மா. ஆஸ்பத்திரி வராண்டாவுல பாத்தது. உள்ள வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒந்து நிமிஷா சார், பந்தே, இதோ வந்துட்டேன். கேண்டில் வாங்க வந்த ஆளு, அவரு நிப்பாரு. இது அண்ணன் புள்ளையா? மூக்கப் பாத்தாலே தெரியுது.

— அன்னிக்கு அவரை ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது நீங்க. நான் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டேன்.

— அந்த நேரத்துல யாருக்குக்கா பேச வரும். எனக்கும்தான் வரலை.

— இப்ப ஒண்ணு கேக்கணும். எனக்கும் இவனுக்கும் ரெண்டு வருஷமா இதே சண்டை. அவரு எனக்கு ரிங் குடுத்தப்ப நல்லாத்தானே இருந்தாரு? குடுத்துட்டு, அதுக்கப்புறம்தானே வலி வந்துச்சு?

— அம்மா மனசுக்காக எதையாவது சொல்லாதீங்க. அடிக்கும்போதே வலி இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

— டீ சொல்லட்டுமாக்கா? சில்வெஸ்டர் கடையில நல்லா இருக்கும்.

— டீ வேணாம் தம்பி. சொல்லுங்க.

— அவரு அடிக்கவே இல்லக்கா.

— எப்படி? ரிங் வந்துச்சே. என் காதால கேட்டேன். ரெண்டு ரிங்.

— வந்திருக்கும். அடிச்சது நானு.

— நீங்களா?

— பிரஸ்லேர்ந்து வரும்போதே ஒரு மாரி வந்தாருக்கா. சட்டையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கினு இருக்குது. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்ல உக்காந்தாரு. சோடா ஒடைச்சுக் குடுத்தேன், குடிக்கலை. சில்வெஸ்டரை ஆட்டோவுக்கு ஓடச் சொன்னேன். வீட்டுக்குச் சொல்லட்டுமாண்ணேன்னு கேட்டேன். கையில காசை ரெடியா வெச்சிருந்தாரு, அதை நீட்டினாரு. நம்பரை அவரே சொன்னாரு.

— பாத்தியாம்மா. நான் சொன்னேன்ல. வலி இருந்திருக்கு. ஏங்க, நீங்க பக்கத்துலயே இருந்திருக்கீங்க. வீட்ல எடுக்கற வரைக்கும் விட வேண்டியதுதானே? இன்னும் ஒரே ஒரு ரிங். அவங்க எடுத்திருப்பாங்க. கடைசியா ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாங்க. எந்த மடையனாவது ரெண்டோட வெப்பானா?

— ராஜேஷு, வாய மூடு. அவரு எடத்துல நின்னுக்கிட்டு அவரையே திட்டுறியா?

— திட்டட்டும்க்கா. பெத்த அப்பன் இல்ல? ஆனா சத்தியமா சார், எடுக்கற வரைக்கும் விடணும்னுதான் நான் காதுல வெச்சேன்.

— அப்புறம் ஏன் வெச்சீங்க?

— நான் வெக்கலை.

— தம்பி, நீங்க இவனைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— பொட்டி அவரு கைக்கு எட்டுற தூரம்தான்க்கா, பாருங்க. ஒரு கையால நெஞ்சைப் புடிச்சிக்கினு, தலைய ரிசீவர்கிட்ட சாய்ச்சுக் கேட்டுக்கினே இருந்தாரு. ஒண்ணு, ரெண்டுன்னு ஒதடு அசையுது. ரெண்டு முடிஞ்சதும் அவரே கையக் கொண்டாந்து கொக்கிய அழுத்திட்டாரு. இன்னொரு தடவை போடறேண்ணேன்னேன். வேணாம் ரெமிஜியஸ், மூணாச்சுன்னா அவ பயந்துடுவா, அரிசி போட மாட்டான்னாரு.

— அப்ப மொபைல் கையில இருந்திருந்தாலும்...

— அதுலயும் ரெண்டுதான்டா குடுத்திருப்பாரு.

— தண்ணி குடிங்கக்கா.

— வேணாம். ராஜேஷு, நீ ஏன் அந்தப் பக்கம் திரும்பி நிக்குறே? போட்டோ எடுக்கலையா? பேசிக்கிட்டிருந்த ஆளும் போயிட்டான் பாரு.

— நீ அப்படியே உக்காரும்மா. பொட்டிக்குப் பக்கத்துல. எந்திரிக்காதே.

— என்னை எதுக்குடா?

— உக்காரேன். கொஞ்சம் இங்க பாரு. ப்ச்.

— என்ன?

— ஆஃப் ஆயிடுச்சு. பேட்டரி போயிடுச்சும்மா. காலையிலேர்ந்து வெறும் ஒயரா எடுத்துத் தீத்துட்டேன். திங்கக்கிழமை பொட்டியும் போயிடும்.

— போகட்டும். ஒரு ரூபா காசு வெச்சிருக்கியா?

— எதுக்கு?

— வீட்டுக்கு ரெண்டு ரிங் குடு. அதே நம்பர்தானே.

— பிரபா மொபைலுக்கே அடிச்சுச் சொல்லிடறேனே. அவளுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

— கல்யாணமான மறுநாளே உங்கப்பா அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. அரிசி போட்டுடுவா. குடுடா, நாழியாவுது.

— சரி. போட்டுட்டேன். அடிக்குது. ஒண்ணு. ரெண்டு.

— வெச்சுடு.

— வெச்சுட்டேன்.

— காசு?

— கீழ விழுந்துடுச்சும்மா.