கண்ணுக்குள்ள மணல்

...மணல் சார், கண்ணுக்குள்ள ஒரு லோடு மணல். தெறந்தா குத்துது, மூடுனா அறுக்குது. நீங்க பக்கத்துல வந்து உக்கார்றது காதுலதான் விழுந்துச்சு. இருமலை வெச்சு சார்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

அந்த நர்ஸம்மா கேக்குறாங்க, "நீங்க வெல்டரா?"ன்னு. நான் ஏன் சார் வெல்டர்? அச்சாபீஸ்ல பிழை திருத்துறவன். இருபத்தாறு வருஷமா அடுத்தவன் எழுத்துல தப்புக் கண்டுபிடிச்சே சாப்பிடுறேன். வெல்டர் என் வீட்டுக்காரி.

ஆமா, அவதான். பொண்ணு கல்யாணமாகிப் போனதும் மூணு மாசம் பயிற்சிக்குப் போனா. இப்ப வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு போட்டு கேட்டு, ஜன்னல் கம்பின்னு ஒரே வேலை. நான் ஒரு டம்ளர் தண்ணி கேட்டா நாளைக்குத்தான் வரும்.

சரி, செய்யட்டும். ஆனா நெருப்பும் கரண்டும் சேந்த வேலை. மேற்பார்வைக்கு ஒருத்தன் வேணாமா? மிஷினோட வந்த புத்தகத்தை வரி விடாம படிச்சேன். அதுல பதினோரு எழுத்துப்பிழை, அது வேற விஷயம். தோல் கையுறை போட்டியா... நைலான் துணி ஆகாது, பொறி பட்டா உருகி ஒட்டிக்கும்... துருவைச் சுரண்டிட்டு எர்த் கிளாம்ப்பை மாட்டு... இப்படித் தினமும் சொல்லுவேன். எல்லாத்துக்கும் ஒரு "ம்". அதுவும் மாஸ்க்குக்குள்ள இருந்து.

நேத்து எனக்கு லீவு. அவளுக்கு மாடிப்படிக் கைப்பிடி, இதுவரைக்கும் வந்ததுலயே பெரிய வேலை. தூசி பறக்குதேன்னு நல்லெண்ணத்துல தரையில ரெண்டு வாளி தண்ணி ஊத்துனேன் சார். ஓடி வந்து மெயினை அணைச்சா. ஈரத்துல நின்னு வெல்டிங் ராடைப் புடிச்சா ஷாக் அடிச்சு ஆளே போயிருவாங்களாம். அது புத்தகத்துலயும் இருக்கு, பதினாலாம் பக்கம். நான் அந்தப் பக்கத்துல ஒரு ஒற்றுப்பிழையைத்தான் பாத்தேன்.

தரை காயவே ஒரு மணி நேரம் போச்சு. அப்புறம் மாஸ்க்கை மாட்டிக்கிட்டே சொன்னா, "என்னைப் பாக்காதீங்க, உள்ள போங்க."

எனக்குச் சுருக்குன்னுச்சு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து, காகிதத்தையே பாக்குறீங்க, என்னைப் பாக்குறீங்களான்னு சண்டை போட்டவ சார் இவ. இப்பப் பாக்காதேன்னா விட்டுருவேனா? கதவை ஒருக்களிச்சு வெச்சு, ஸ்டூலைப் போட்டு, மத்தியானம் வரைக்கும் பாத்தேன். அவளுக்கு மாஸ்க்குல கறுப்புக் கண்ணாடி. எனக்கு இந்தப் படிக்கிற கண்ணாடி.

சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமில்ல. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிச்சது பாருங்க. கேட்டா, அந்த வெளிச்சம் பட்டாக் கண்ணு வெந்துருமாம், அதுக்குத்தான் பாக்க வேணாம்னாளாம். திட்டுவான்னு இருந்தேன். திட்டல. ஈரத்துணியைக் கண்ணுல போட்டுவிட்டுச் சிரிச்சா. இன்னைக்கு வர்ற வழியில கேக்குறா, "அவ்வளவு நேரம் பாத்தீங்களே, எத்தனை தப்பு?"

ஒண்ணுகூட இல்ல சார். மொத நாலு இணைப்பைத்தான் தப்புக்காகப் பாத்தேன். அதுக்கப்புறம்... அந்த வெளிச்சத்துல அவ குனிஞ்சு நிக்கிறதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கை துளி ஆடல. மூச்சைக்கூட அளந்து விட்ட மாதிரி இருந்துச்சு.

அதைச் சொல்ல வாய் வரல. "ஒரு எடத்துல கொஞ்சம் கோணல்"னு சொல்லி வெச்சேன். அதுலேர்ந்து பேச்சில்ல.

உங்களைத்தான் கூப்பிடுறாங்க, போங்க சார். அவ டோக்கன் வாங்கப் போயிருக்கா. வரட்டும், திருத்திச் சொல்லிடுறேன்.