நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல

கதவை உதைக்காதீங்க சார். உதைச்சாலும் அது திறக்காது. மேல பாருங்க, மேல. உங்க தலைக்கு மேல இருக்கற மெஷின் ரூம்லேர்ந்துதான் பேசறேன். ரோப் இறங்கற ஓட்டை வழியா நல்லாவே கேக்குது. நான்தான் சார், லிஃப்ட் மெக்கானிக். குரல் தெரியலையா? ஏழு தடவை உங்க வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்ட குரல் சார் இது.

ஆமா, மெயினை நான்தான் ஆஃப் பண்ணேன். நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க. இல்லீங்க, இப்போ போட முடியாது. ஃபேன் ஓடாது. லைட்டு மட்டும் பேட்டரில எரியும், அது போதும். முதல்ல பட்டன்லேர்ந்து கையை எடுங்க. அப்படியே கீழ உக்காருங்க. பேன்ட் அழுக்காகும்தான், துவைச்சுக்கலாம். ஓரத்துல வேணாம், நடுவுல. சம்மணம் போட்டு. உக்காந்தாச்சா? ம்.

பணமா? நான் இப்போ பணம் கேட்டேனா சார்? பாருங்க, என் குரலைக் கேட்டதும் உங்களுக்குப் பணம்தான் ஞாபகம் வருது. அப்போ மறக்கலை. மூணு மாசமா மறந்துட்டீங்கன்னு இல்ல நினைச்சிக்கிட்டிருந்தேன்.

எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. வாட்ச்மேன் அண்ணனைக் கீழ அனுப்பியிருக்கேன், ஒரு சாமான் எடுத்தாரணும். அவருக்கு முழங்கால் தேஞ்சு போச்சு, அஞ்சு மாடி ஏறணும். அதுவரைக்கும் பேசுவோமே. உங்களை நிக்க வச்சு ஒரு வார்த்தை பேசணும்னு எத்தனை நாள் அலைஞ்சிருக்கேன். போன் காதுல இருக்கும், கார் கதவு திறந்திருக்கும், அப்புறம் வா, அப்புறம் வான்னு கையை ஆட்டுவீங்க. இன்னிக்கு எங்கயும் போக முடியாதுல்ல?

மூணு மாசத்துக்கு முன்னாடி நீங்களேதான் கூப்பிட்டீங்க. நான் இந்த பில்டிங் செக்ரெட்டரி பேசறேன், லிஃப்ட் மாடிக்கு நேரா நிக்க மாட்டேங்குது, ஒரு அம்மா தடுக்கி விழுந்துட்டாங்கன்னு. கம்பெனிக்காரன் கேட்டதுல பாதிக்குச் செய்வான்னு யாரோ என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க. வந்து பாத்தேன். பிரேக் லைனிங் காகிதம் மாதிரி ஆகியிருந்துச்சு. அது என்னன்னு அன்னிக்கே காட்டினேன், நீங்க போனைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. மோட்டார் நின்னதும் உருளையை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கற பட்டை சார் அது. அது பிடிச்சாத்தான் லிஃப்ட் நிக்கும். புதுசு போட்டேன். ரெண்டு நாள் வேலை, பதினெட்டாயிரம். நாலாயிரம் முன்னாடி குடுத்தீங்க, மீதி முடிஞ்சதும்னீங்க.

முடிஞ்சதும் என்ன சொன்னீங்க? சொல்லுங்க, கேக்கறேன். ம்... அதேதான். கீச்சுன்னு சத்தம் வருதுன்னீங்க. அது கதவு ரோலர் சத்தம், நான் கை வைக்காத இடம். அதையும் மாத்து, சேர்த்து வாங்கிக்கோன்னீங்க. கைக்காசு போட்டு மாத்தினேன். அப்புறம் கமிட்டில கேக்கணும். அப்புறம் பில்லுல முத்திரை இல்ல. நான் தனியாள் சார், பையும் ஸ்பேனரும்தான் என் கம்பெனி, முத்திரைக்கு எங்க போவேன்? அதையும் செஞ்சேன். ஊதா மையில வட்டமா. அடுத்த தடவை வந்தா உங்க செருப்பு வெளிய கிடக்கு, உள்ள டிவி ஓடுது, உங்க பொண்ணு வந்து அப்பா ஊர்ல இல்லைன்னுது. பாவம், சொல்லும்போது அது தரையைத்தான் பாத்துச்சு.

கோவமெல்லாம் படலை சார். நிதானமாத்தான் பேசறேன். ஏன் எழுந்திருக்கறீங்க? உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல!

...மன்னிச்சிருங்க. கத்திட்டேன். நீங்க உக்காந்தே இருங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்.

பணத்தைவிட அந்த போட்டோ இருக்கு பாருங்க, அதுதான் சார். நான் குனிஞ்சு வேலை செய்யறப்போ பின்னாலேர்ந்து எடுத்து, உங்க பில்டிங் குரூப்ல போட்டீங்க. அரைகுறை வேலை செஞ்சிட்டு காசு பிடுங்கற ஆளு, உஷாரா இருங்கன்னு. அது அப்படியே பக்கத்து பில்டிங், அதுக்குப் பக்கத்து பில்டிங்னு போச்சு. நாலு இடம் மாசா மாசம் பாத்துக்கிட்டிருந்தேன், நாலும் போச்சு. ஒருத்தர்கூட என்ன ஏதுன்னு கேக்கலை. என் வீட்டுக்காரி அந்தப் படத்தைப் பாத்துட்டு, இது உங்க நீலச் சட்டைன்னு சொன்னா. வேற எதுவும் சொல்லலை. மறுநாள்லேர்ந்து தையல் கம்பெனில ரெண்டு ஷிஃப்ட் போக ஆரம்பிச்சா. விட்டுத் தொலைங்க, அந்தாளுக்குப் போய் சேரட்டும்னா. எனக்கு விட முடியலை.

டிங்குன்னு என் பாக்கெட்ல ஏதோ சத்தம். அனுப்பிட்டீங்களா? பதினாலாயிரமுமா? அட. அவ்வளவுதானா சார்? உக்காந்த இடத்துல, ஒரே தட்டு. இதுக்கா நான் மூணு மாசம் செருப்பு தேஞ்சேன்?

பாக்கறேன், பாக்கறேன். இப்போ எடுத்துப் பாக்க முடியாது. இன்னும் பத்தாயிரம் தரீங்களா? வேணாம் சார். போலீஸா? தாராளமா கூப்பிடுங்க. ஆனா அவங்க வர்றதுக்குள்ள...

அசைஞ்சுதா? எனக்கும் தெரிஞ்சுது. ரெண்டு விரக்கடை மேல வந்திருக்கீங்க. கண்ணை மூடிக்கோங்க. கீழ விழுந்துருவோம்னு நினைக்காதீங்க, அப்படி விழாது. அந்தப் பக்கம் தொங்கற எடை உங்க ஒத்த ஆளைவிட ரொம்ப அதிகம். பிடி விட்டா நீங்க மேலதான் வருவீங்க. கூரை வரைக்கும். அதான் அசையாதீங்கங்கறேன். அழாதீங்க சார். மூச்சை மெதுவா விடுங்க. ஒண்ணு... ரெண்டு... அப்படித்தான்.

யாரு, அண்ணனா? வாங்கண்ணே, வாங்க. மூச்சு அப்புறம் வாங்கலாம். அந்தக் கட்டையை இங்க குடுங்க, சக்கரத்தோட இந்த ஆரத்துக்கு நடுவுல. இன்னும் உள்ள. சுத்தியலால ஒரு போடு. இன்னொண்ணு. ம், நின்னுடுச்சு. இப்போ நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் சொல்றப்போ கட்டையை எடுத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா விடலாம். சார், இப்போ லிஃப்ட் நகரும், நாங்கதான் நகர்த்தறோம், பயப்படாதீங்க. விடுங்கண்ணே... போதும், பிடிங்க... இன்னும் ஒரு சாண்... நிறுத்துங்க. கட்டையை அடிங்க. நேரா வந்துடுச்சு. போய் சாவி போட்டுக் கதவைத் திறந்து விடுங்க. சார், அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அடியா வெளிய வந்துருங்க.

வந்துட்டீங்களா? தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க சார். மேல எதுக்கு வர்றீங்க, ஏணி செங்குத்தா இருக்கும். சரி, வாங்க, தலையை இடிச்சுக்காதீங்க.

திட்டுங்க. அடிக்கணும்னாலும் அடிங்க. ஆனா உங்களை மாட்டி வைக்கறதுக்காக லிஃப்டை நான் நிறுத்தலை சார். இந்த ரூம் கதவைத் திறக்கறேன், நாலாவது மாடில நிக்க வேண்டியது நழுவி மேல போய்க்கிட்டிருக்கு, இந்தச் சக்கரம் தானா சுத்துது. மெயினை ஆஃப் பண்ணிட்டு சக்கரத்தைப் பிடிச்சவன்தான், அண்ணன் வர்ற வரைக்கும் விடலை. இதோ பாருங்க, உள்ளங்கையில தோலே இல்ல. நீங்க பதறி ரெண்டு குதி குதிச்சிருந்தா என்னால பிடிச்சிருக்க முடியாது. விஷயத்தைச் சொன்னா குதிப்பீங்க. என்னைப் பாத்து பயந்தா அசையாம இருப்பீங்கன்னுதான் பழசையெல்லாம் இழுத்தேன்.

ஐயோ, கையெல்லாம் கும்பிடாதீங்க சார். நன்றி சொல்லாதீங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அண்ணே, நீங்களும் இருந்து கேளுங்க.

நாப்பது நாளைக்கு முன்னாடி ஒரு மத்தியானம் எண்ணெய் விடணும்னு அண்ணன்கிட்ட சாவி வாங்கிட்டு வந்தேன். நான் போட்ட புது லைனிங்கைக் கழட்டிட்டு, அந்தத் தேஞ்ச பழசையே மாட்டிட்டுப் போயிட்டேன். காசு தரலைல்ல, என் பொருள்தானேன்னு. யார்கிட்டயும் சொல்லலை. புதுசு இதோ, பையிலதான் இருக்கு, திரும்ப மாட்டிடலாம்னுதான் இன்னிக்கு வந்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், இதை மாட்டி முடிச்சிடறேன், அதுக்கப்புறம் போலீஸுக்குப் போன் பண்ணுங்க.